பஃபியா, ஃபயர்ஃப்ளையா, அவெஞ்சர்ஸா? ஜாஸ் வீடனை எங்கே தொடங்குவது

2012-இல் வந்த முதல் அவெஞ்சர்ஸ் படத்தை இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: "இதை எடுத்தவர் டிவியில்தான் பெரிய ஆளாமே, அவருடைய சீரியல்களில் எதை முதலில் பார்க்கலாம்?" ஒரு வரியில் சொல்ல முடியாத பதில். ஒரு தொடர் 144 எபிசோட் ஓடியது. இன்னொன்று பதினான்கோடு நின்றுபோனது. தப்பான இடத்தில் தொடங்கி, மூன்றாவது எபிசோடிலேயே "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று விட்டுவிட்டவர்கள் பலர். அப்படி ஆகாமல் இருக்கத்தான் இந்த ஒப்பீடு.

அவெஞ்சர்ஸை எடுத்த ஜாஸ் வீடன் 1964-இல் நியூயார்க்கில் பிறந்தவர். தாத்தா, அப்பா இருவருமே டிவி எழுத்தாளர்கள். இவரும் ரோசான் என்ற டிவி நகைச்சுவைத் தொடருக்கு எழுதித்தான் தொழிலுக்குள் வந்தார். முதல் டாய் ஸ்டோரி படத்தின் திரைக்கதையில் பங்கெடுத்து ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். அவருடைய பலம் சண்டைக் காட்சியில் இல்லை. ஒத்துப்போகாத ஆறேழு பேரை ஒரே அறையில் அடைத்துப் பேச வைப்பதில் இருக்கிறது. சூப்பர்ஹீரோ படத்தில் அதற்குக் கிடைப்பது பத்து இருபது நிமிடம். டிவியில் வருடக்கணக்கில் கிடைத்தது. கீழே நான் தரும் மதிப்பீடெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதலில் நேரம். அடுத்து, எவ்வளவு தூரம் பொறுமையாக இருந்தால் கதை சூடுபிடிக்கும் என்பது. மூன்றாவது, கதை முடிகிறதா, அந்தரத்தில் நிற்கிறதா. நான்காவது, இதைப் பார்க்க முன்பே வேறு எதையாவது பார்த்திருக்க வேண்டுமா. கடைசியாக எனக்கு முக்கியமான ஒன்று: திரையில் தெரிவது அவருடைய கையா, ஸ்டுடியோவின் கையா.

| | நேரம் (ஏறக்குறைய) | சூடுபிடிக்கும் இடம் | கதை முடிகிறதா | முன்பே பார்க்க வேண்டியது |
|---|---|---|---|---|
| அவெஞ்சர்ஸ், ஏஜ் ஆஃப் அல்ட்ரான் | 4¾ மணி | உடனே | ஒவ்வொரு படமும் தனித்தனியே முடியும் | தோர், கேப்டன் அமெரிக்கா முதல் படங்கள் இருந்தால் நல்லது |
| ஃபயர்ஃப்ளை, செரினிட்டி | 13 மணி | முதல் எபிசோட் | படம் ஓரளவு முடித்துவைக்கிறது | எதுவும் வேண்டாம் |
| பஃபி | 100 மணிக்கு மேல் | இரண்டாம் சீசன் | முழுமையாக | எதுவும் வேண்டாம் |
| ஏஞ்சல் | 80 மணி | முதல் சீசன் பின்பாதி | வேண்டுமென்றே திறந்து விட்ட முடிவு | பஃபியின் முதல் மூன்று சீசன் |
| டால்ஹவுஸ் | 20 மணி | ஆறாவது எபிசோட் | அவசரமாக, ஆனால் முடிகிறது | எதுவும் வேண்டாம் |

## அவெஞ்சர்ஸ் (2012), ஏஜ் ஆஃப் அல்ட்ரான் (2015)

முதல் படம் உலகம் முழுக்க 150 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்தத் தொகையை மறந்துவிட்டு, பறக்கும் போர்க்கப்பலில் நடக்கும் ஆய்வுக்கூடக் காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். ஸ்டார்க், ரோஜர்ஸ், பேனர், தோர், நடாஷா, ஃபியூரி எல்லாரும் ஒரே அறையில் நின்று மாறி மாறிக் கத்துகிறார்கள். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பிக்கிறார். கேமரா லோக்கியின் செங்கோலைக் காட்டித் தலைகீழாகத் திரும்புகிறது. பேனர், தான் சாக முயன்றதைச் சொல்லிக்கொண்டே போகிறார். பேச்சு நடுவே அந்தச் செங்கோல் அவர் கைக்கு வந்துவிட்டது, அதை எடுத்ததே அவருக்குத் தெரியவில்லை. "அதைக் கீழே வையுங்கள் டாக்டர்" என்று ரோஜர்ஸ் சொன்ன பிறகுதான் தன் கையைப் பார்க்கிறார். ஒரு அடிகூட விழவில்லை. நியூயார்க் சண்டையைவிட எனக்கு இந்தக் காட்சிதான் பெரிது. இதை எழுதப் பதினைந்து வருட டிவி அனுபவம் வேண்டியிருந்தது.

ஏஜ் ஆஃப் அல்ட்ரானில் இதற்கு இணை, விருந்து முடிந்த பிறகு எல்லாரும் சோபாவில் சாய்ந்துகொண்டு தோரின் சுத்தியலைத் தூக்கிப் பார்க்கும் இடம். ஹாக்ஐயின் பண்ணை வீட்டுப் பகுதியும் அப்படியே. ஆனால் அந்தப் பண்ணை வீட்டை வைத்துக்கொள்வதற்குப் பதிலாகத் தோரின் குகைக் காட்சியைச் சேர்க்கும்படி மார்வெல் தரப்பு பேரம் பேசியதாக, படம் வந்த சமயத்தில் வீடனே சொன்னார். பார்க்கும்போதே அது தெரியும். குகைக் காட்சி வேறு ஏதோ படத்துக்கு விளம்பரம்போல நடுவில் நிற்கும்.

மறைமுகச் செலவு என்றால் முன்கதைதான். முதல் அவெஞ்சர்ஸுக்கு முன்னால் மார்வெல் ஐந்து படங்கள் எடுத்திருந்தது. எல்லாம் தேவையில்லை. லோக்கி யார் என்று புரிய 2011-இல் வந்த தோர், ரோஜர்ஸின் தனிமை புரிய அதே வருடத்து கேப்டன் அமெரிக்கா, இரண்டும் போதும். இன்னொன்று மொழி. இந்தப் படங்கள் தமிழ் டப்பிங்கிலும் திரையரங்குக்கு வந்தன, குடும்பத்தோடு பார்க்க அதுவே சௌகரியம். ஆனால் வீடனின் எழுத்தைக் கவனிக்கத்தான் பார்க்கிறீர்கள் என்றால் ஆங்கிலத்தில், சப்டைட்டிலோடு பாருங்கள். யார் யாரை எந்தச் சொல்லால் குத்துகிறார் என்பதில்தான் அவர் வேலையே இருக்கிறது.

ஒரே வார இறுதி மட்டும் கையில் இருக்கிறவர்களுக்கும், வீட்டில் பத்து வயதுப் பிள்ளையோடு பார்க்கிறவர்களுக்கும் இதுவே சரி.

## ஃபயர்ஃப்ளை (2002), அதன்பின் செரினிட்டி (2005)

ஐநூறு வருடம் தள்ளி நடக்கும் கதை. உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்துச் சிப்பாய் மால் ரெய்னால்ட்ஸ் ஒரு பழைய சரக்கு விண்கலத்தை வாங்கி, கிடைத்த வேலையைச் செய்து பிழைக்கிறான். கடத்தலும் உண்டு. கலத்தில் மொத்தம் ஒன்பது பேர். வேற்றுக்கிரகவாசி யாரும் கிடையாது. குதிரையும் துப்பாக்கியும் விண்கலமும் ஒரே சட்டகத்தில் வரும்.

ஃபாக்ஸ் சேனல் இதை நடத்திய விதம் இன்றைக்கு நினைத்தாலும் வயிறெரிகிறது. பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் இரண்டு மணிநேர முதல் எபிசோடை ஓரம்கட்டிவிட்டு வேறொன்று கேட்டார்கள். ஒரு வார இறுதியில் அவசரமாக எழுதிய தி ட்ரெயின் ஜாப் முதலில் ஒளிபரப்பானது. வெள்ளிக்கிழமை இரவு நேரம் ஒதுக்கினார்கள், வரிசையைக் கலைத்தார்கள். எடுத்த 14 எபிசோடில் 11 ஒளிபரப்பானதும் டிசம்பரில் கடை மூடியாகிவிட்டது. உண்மையான முதல் எபிசோடுதான் கடைசியாக வந்தது! மறுவருடம் வந்த டிவிடி விற்பனையும் ரசிகர்களின் விடாப்பிடியும்தான் யுனிவர்சல் ஸ்டுடியோவை செரினிட்டி படம் எடுக்க வைத்தன.

அதனால் பார்க்கும்போது வரிசையைக் கவனியுங்கள். செரினிட்டி என்ற பெயரிலேயே முதல் எபிசோடும் இருக்கிறது, படமும் இருக்கிறது. எபிசோட் முதலில், படம் கடைசியில். ஒளிபரப்புத் தேதிப்படி பார்த்தால் குழம்பிப்போவீர்கள், டிவிடி வரிசைதான் சரியானது.

ஒரே ஒரு எபிசோடைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்றால் அவுட் ஆஃப் காஸ். டிம் மினியர் எழுதியது. மால் மட்டும் காயத்தோடு, காற்று தீர்ந்துகொண்டிருக்கும் கலத்தில் தரையில் கிடக்கிறான். கதை மூன்று காலங்களுக்கு இடையே போய் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி நிறம். கடைசியில், பழைய கலங்கள் விற்கும் இடத்தில் தரகர் ஏதோ ஒரு கலத்தைப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருப்பார். மாலின் கண் அதைத் தாண்டி ஒரு மூலைக்குப் போகும். அந்தப் பார்வை ஒன்றுக்காகவே நாற்பத்து நான்கு நிமிடத்தையும் கட்டியிருக்கிறார்கள்.

இதன் மறைமுகச் செலவு, ஏக்கம். பதிமூன்று மணிநேரத்தில் ஒன்பது பேரோடும் பழகிவிட்ட பிறகு கதவு சாத்தப்படும். ரிவர் என்ற பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. பாதிரியார் புக்கின் கடந்தகாலம் மூடியே இருக்கும். படத்தில் நடக்கும் சில சாவுகளைப் பல ரசிகர்கள் இன்னமும் மன்னிக்கவில்லை. இன்னொரு குறையும் உண்டு. அமெரிக்காவும் சீனாவும் கலந்த எதிர்காலம் என்று சொல்லி எல்லாரும் சீன மொழியில் திட்டுகிறார்கள், முக்கியப் பாத்திரங்களில் ஒருவர்கூடச் சீனர் இல்லை. அன்றைக்கே வந்த விமர்சனம், நியாயமான விமர்சனம்.

## பஃபி (1997–2003)

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் நிபந்தனையோடு.

பள்ளி மாணவி ஒருத்தி ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடுகிறாள் என்று ஒற்றை வரியில் கேட்டால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். 1992-இல் வீடன் எழுதி வேறொருவர் இயக்கிய திரைப்படம் அப்படித்தான் ஆனது. டிவிக்கு அதையே மறுபடி கொண்டுவந்தபோது ஒரு விஷயத்தை அவர் பிடித்துக்கொண்டார்: அந்த வயதில் மனதுக்குள் நடக்கும் எல்லாவற்றையும் பேயாக்கிக் காட்டலாம். யார் கண்ணுக்கும் படாத பெண் நிஜமாகவே மறைந்துபோகிறாள். நெருங்கிய மறுநாளே ஆள் மாறிப்போகும் காதலன் வேறு எதுவாகவோ ஆகிவிடுகிறான். சீசன் முழுக்க ஒரு பெரிய வில்லன், வாரத்துக்கு ஒரு சின்னக் கதை என்று பிற்காலத் தொடர்கள் பலவும் எடுத்துக்கொண்ட அமைப்பை இது நன்றாகப் பழக்கிவிட்டது.

வீடனின் எழுத்தை எல்லாரும் வசனத்துக்காகவே புகழ்ந்தார்கள். அது அவரை உறுத்தியது. வசனமே இல்லாமல் எடுத்துப் பார்ப்போம் என்று நான்காம் சீசனில் ஹஷ் என்ற எபிசோடை எழுதி இயக்கினார், 1999 டிசம்பரில் வந்தது. ஊர் மொத்தத்துக்கும் ஒரே இரவில் குரல் போய்விடுகிறது. கழுத்தில் எழுதுபலகையை மாட்டிக்கொண்டு அலைகிறார்கள். அதில் வில்லோ, தாரா என்று இரண்டு பெண்கள், அப்போதுதான் பழக்கம். துரத்தி வருகிறவர்களிடமிருந்து தப்பி ஒரு சலவை அறைக்குள் நுழைகிறார்கள். கதவை அடைக்க, குளிர்பான இயந்திரத்தை மனசக்தியால் நகர்த்த வில்லோ முயல்கிறாள். சற்றே அசைந்து நின்றுவிடுகிறது. தாரா அவள் கையைப் பார்க்கிறாள். மெல்ல விரல்களைக் கோக்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைத் திருப்ப, அந்த இயந்திரம் பறந்துபோய்க் கதவில் மோதுகிறது. ஒரு வார்த்தை இல்லை. அந்த உறவு எங்கே போகப்போகிறது என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். எழுத்துக்கான எம்மி (டிவி விருது) பரிந்துரை பஃபிக்குக் கிடைத்தது இந்த எபிசோடுக்காக. ஐந்தாம் சீசனில் பின்னணி இசையே இல்லாத ஒரு எபிசோட் இருக்கிறது, ஆறாம் சீசனில் முழுக்கப் பாட்டாகவே ஒன்று. அவற்றைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை, தெரியாமல் போய்ப் பாருங்கள்.

இனி செலவுகள். முதல் சீசன் 12 எபிசோட். சின்ன பட்ஜெட், 16 மில்லிமீட்டர் படச்சுருள், ரப்பர் முகமூடிப் பேய்கள். இன்றைய கண்ணுக்கு ரொம்பவே பழசாகத் தெரியும். ஆறாம் சீசன் கனமானது, அதில் ஒரு பாலியல் வன்முறை முயற்சிக் காட்சி இருக்கிறது, தெரிந்துகொண்டு உட்காருங்கள். நண்பன் சாண்டரின் பல நகைச்சுவைகள் இப்போது சிரிப்பை வரவழைப்பதில்லை. பிரதி விஷயத்திலும் கவனம் தேவை. பின்னாளில் எச்டி ஆக்கியபோது சதுரச் சட்டகத்தை அகலமாக்கிவிட்டார்கள். சில காட்சிகளில் ஓரத்தில் படப்பிடிப்பு ஆட்களும் கருவிகளும் தெரிகின்றன, இரவுக் காட்சி பகல்போல வெளிறிக் கிடக்கிறது. பழைய டிவிடி கிடைத்தால் அதுவே நல்ல பிரதி.

நீண்ட தொடரில் ஊறிப்போகப் பிடிக்கிறவர்கள், ஒரு வருடம் முழுக்க வாரம் இரண்டு மூன்று எபிசோட் என்று வைத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள் இதை எடுங்கள். பதினைந்து பதினாறு வயதுப் பெண் வீட்டில் இருந்தால் முதல் மூன்று சீசனை அவளோடு சேர்ந்து பாருங்கள்.

## ஏஞ்சல் (1999–2004)

பஃபியிலிருந்து பிரிந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகும் கிளைக்கதை. டேவிட் கிரீன்வால்டோடு சேர்ந்து உருவாக்கியது. பெரியவர்களுக்கான கதை, எதிரி ஒரு வக்கீல் நிறுவனம். தனியாகத் தொடங்காதீர்கள். பஃபியின் நான்காம் சீசனும் இதன் முதல் சீசனும் ஒரே நேரத்தில் ஓடியவை, சில கதைகள் இங்கே தொடங்கி அங்கே முடியும். பஃபி பார்க்கிறவர்கள் நான்காம் சீசனிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் சுவை கூடும், நேரமும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

## டால்ஹவுஸ் (2009–2010)

நினைவை அழித்துவிட்டு, பணம் கொடுக்கிறவருக்கு வேண்டிய ஆளுமையை ஏற்றி மனிதர்களை வாடகைக்கு அனுப்பும் நிறுவனம். அப்படி அனுப்பப்படும் எக்கோ என்ற பெண்ணாக எலைசா டுஷ்கு நடித்தார். கருத்தளவில் வீடன் தொட்டதிலேயே மிக ஆபத்தான பொருள் இதுதான், சம்மதம் என்றால் என்ன என்ற கேள்வியையே கதையாக்குகிறது. சில இடங்களில் அதை விமர்சிக்கிறது, சில இடங்களில் அதையே காட்சிப்பொருளாக்குகிறது. முதல் ஐந்து எபிசோட் வாரம் ஒரு வாடிக்கையாளர் என்று தட்டையாகப் போகும். ஆறாவதான மேன் ஆன் தி ஸ்ட்ரீட் எல்லாவற்றையும் புரட்டிப்போடும். முதல் சீசனின் பதிமூன்றாவது எபிசோட் எபிடாஃப் ஒன் அமெரிக்காவில் ஒளிபரப்பாகவே இல்லை, டிவிடியில்தான் வந்தது. அதை விட்டுவிட்டால் தொடரின் முடிவு புரியாது. கருத்துக்கதை விரும்பிகளுக்கு மட்டும்.

## எடுக்க வேண்டாம் என்று சொல்வது

2017-இல் வந்த ஜஸ்டிஸ் லீக். மகளை இழந்த இயக்குநர் ஸாக் ஸ்னைடர் பாதியில் விலக, மறுபடப்பிடிப்பை வீடன் நடத்தினார். வேறு படத்துக்காக வளர்த்த மீசையோடு வந்த, சூப்பர்மேனாக நடித்த ஹென்றி காவிலின் மேலுதட்டைக் கணினியில் வழித்த படம். 2021-இல் ஸ்னைடரின் 242 நிமிட வடிவமும் வந்துவிட்டது. 120 நிமிடமே ஓடும் முந்தையதில் இருவரின் கையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கிறது. வீடனை அறிய அது உதவாது.

## இதையும் கணக்கில் வையுங்கள்

ஜஸ்டிஸ் லீகில் சைபோர்க் என்ற பாத்திரத்தில் நடித்த ரே ஃபிஷர், படப்பிடிப்பில் வீடன் மிக மோசமாக நடந்துகொண்டதாக 2020 ஜூலையில் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். 2021 பிப்ரவரியில், பஃபியிலும் ஏஞ்சலிலும் கொர்டீலியாவாக நடித்த கரிஸ்மா கார்ப்பென்டர், கர்ப்பமாக இருந்த காலத்தில் அவர் தன்னை இழிவுபடுத்தியதாகவும் அதன்பின் வேலையிலிருந்து நீக்கியதாகவும் எழுதினார். பஃபியாக நடித்த சாரா மிஷெல் கெல்லர், பஃபி என்ற பெயரோடு சேர்த்துப் பேசப்படுவதில் பெருமைதான், ஜாஸ் வீடன் பெயரோடு என்றென்றும் சேர்த்துப் பேசப்பட விருப்பமில்லை என்று சொன்னார். 2022 ஜனவரியில் வந்த பேட்டியில் வீடன் பெரும்பாலான குற்றச்சாட்டுகளை மறுத்தார். எச்பிஓ சேனலுக்காகத் தொடங்கிய தி நெவர்ஸ் தொடரிலிருந்து அவர் 2020 நவம்பரிலேயே விலகியிருந்தார்.

பெண்களின் பலத்தைப் பாடிய தொடர்களை எடுத்தவர் மீதே இப்படிப் புகார் வருவது வலிக்கிறது. எனக்கு கார்ப்பென்டர் சொன்னதில் நம்பிக்கை இருக்கிறது. அவர் சொன்னதைப் படித்த பிறகு ஏஞ்சலின் நான்காம் சீசனில் கொர்டீலியாவுக்கு நேர்வதை என்னால் வெறும் கதையாகப் பார்க்க முடியவில்லை. இதனால் யாராவது இவற்றைத் தொடவே மாட்டேன் என்றால் அது முழுக்க நியாயம். பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது, பெயர்ப்பட்டியலைப் படியுங்கள் என்பதுதான். பஃபியை மார்ட்டி நாக்ஸன், ஜேன் எஸ்பென்சன், டேவிட் ஃப்யூரி, டக்ளஸ் பெட்ரி என்று ஒரு பெரிய அறையே எழுதியது. கடைசி இரண்டு சீசனின் அன்றாடப் பொறுப்பு நாக்ஸனிடம் இருந்தது. ஃபயர்ஃப்ளையின் ஆகச் சிறந்த எபிசோட் மினியருடையது. ஒரே மேதையின் சாதனை என்று இவற்றைப் பேசிப் பேசியே இவர்களையெல்லாம் மறைத்துவிட்டோம்.

## யாருக்கு எது

இந்த எழுத்து உங்களுக்கு ஒத்துவருமா என்றே தெரியவில்லையா? டாக்டர் ஹாரிபிள்ஸ் சிங்-அலாங் ப்ளாக் பாருங்கள். ஹாலிவுட் எழுத்தாளர் வேலைநிறுத்தக் காலத்தில் தம்பிகள் ஜெட், ஸாக் இருவரோடும் மௌரிஸ்ஸா டாஞ்சரோனோடும் சேர்ந்து எழுதி, 2008-இல் ஸ்டுடியோ எதுவும் இல்லாமல் இணையத்தில் விட்ட 42 நிமிடப் பாட்டுக்கதை. நீல் பேட்ரிக் ஹாரிஸ்தான் நாயகன், அதுவும் வில்லன் நாயகன். இது பிடிக்காவிட்டால் மற்றவையும் பிடிக்காது, நூறு மணிநேரம் மிச்சம்.

பிடித்தது, ஆனால் நேரம் குறைவு என்றால் ஃபயர்ஃப்ளை. அவெஞ்சர்ஸ் ரசிகர் பெரும்பாலோருக்கு நான் சிபாரிசு செய்வதும் அதையே. ஒரு கலம், ஒரு கும்பல், எப்போதும் சச்சரவு, அதே ருசி. பஃபியை அதற்குப் பிறகு வையுங்கள். அதற்குள் உங்களுக்குப் பொறுமை வந்திருக்கும்.

பஃபியின் முதல் சீசனைத் தாண்ட முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: முதல் இரண்டு எபிசோட், ஏழாவது, பன்னிரண்டாவது, இந்த நான்கு மட்டும் பார்த்துவிட்டு இரண்டாம் சீசனுக்குப் போங்கள். அதில் மூன்றாவது எபிசோடில் ஸ்பைக் என்ற ரத்தக்காட்டேரி காரை ஓட்டிக்கொண்டு வந்து ஊர்ப் பெயர்ப்பலகையை இடித்துச் சாய்ப்பான். அங்கிருந்து பதினான்காவது எபிசோட் வரைக்கும் விடாமல் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் தாராளமாக நிறுத்திவிடலாம்.